மரண அச்சமும் ‘நான்’ என்னும் உணர்வும்

1896-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மதுரை அருள்மிகு மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலுக்கு அண்மையிலிருந்த தம் சிறிய தந்தையார் இல்லத்து மாடியில், வேங்கடராமன் என்னும் பதினாறு வயது மாணவர் தனித்திருந்தார். உடலில் நோய் ஏதுமில்லை. எனினும் இறக்கப் போகிறோம் என்ற அச்சம் திடீரெனப் பற்றிற்று. பிறராயின் யாரையேனும் கூவி அழைத்திருப்பர். அவரோ கைகால்களை நீட்டிப் பிணம்போற் கிடந்து, உதடுகளை இறுக மூடி, இவ்வுடல் மாய்ந்தால் தாமும் மாய்வோமோ என ஆராய்ந்தார். உடலுக்கு வேறாய் ‘நான்’ என்னும் உணர்வு விளங்கி நிற்கக் கண்டார். அச்சம் அன்றே அகன்றது. அவரே பின்னாளில் பகவான் ரமண மகரிஷி எனப் போற்றப்பெற்றவர்.

அதன்பின் உணவில் விருப்பு வெறுப்பு ஒழிந்தது. பாடத்தில் மனம் செல்லவில்லை. முன்பு நண்பர்களுடன் எப்போதேனும் கோயிலுக்குச் சென்றவர், மாலைதோறும் தனியே சென்று அறுபத்து மூவர் திருமுன் கண்ணீர் மல்க நின்றார்.

மூளை இயலாரும் ‘தான்’ என்னும் எண்ணத்தை ஆராய்கின்றனர். அவ்வெண்ணம் அலைபாயும்போது இயங்கும் மூளைப் பகுதிகள், நெடுநாள் தியானம் பழகியோரிடம் அடங்கியிருப்பதை 2011-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டிற்று. கருவி அளப்பது மூளையின் இயக்கத்தையே; அறிபவனை அன்று. மகரிஷியின் வினாவோ அறிபவனைப் பற்றியது.

1896 செப்டம்பர் முதல் நாள் அவர் திருவண்ணாமலையை அடைந்தார். ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கக் குகையில், பூச்சிகள் தொடையை அரித்தும் அறியாது அமர்ந்திருந்தார். அன்பர்கள் அவ்விடத்தை இன்றும் தரிசிக்கலாம்.