பகிஷ்காரமும் பாங்கும்



பகிஷ்காரம் என்னும் சொல் நம் நாட்டவர்க்குப் புதிதன்று. 1905ஆம் ஆண்டு வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கத்தில் மக்கள் அந்நியத் துணியை ஒதுக்கிய வரலாற்றை நீங்கள் படித்திருப்பீர்கள். 1946ஆம் ஆண்டு, தென்னாப்பிரிக்காவில் இந்திய வம்சத்தினர் இழிவாக நடத்தப்படுவதைக் கண்டித்து, இந்திய சர்க்கார் அந்நாட்டோடு வாணிபத்தையே நிறுத்திவிட்டது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்பித்த முறை. ஆகவே இங்கிருந்தே தொடங்குகிறேன்.

"உன்னோடு நான் வாணிபம் செய்யேன்" என்று ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் சொல்வது அதன் சொந்த விருப்பம். ஆனால், "உன்னோடு வாணிபம் செய்கிற மூன்றாமவனும் எனக்கு வேண்டா" என்று அது சொன்னால்? அதற்கும் மேலே சென்று, "அந்த மூன்றாமவனோடு உறவு கொண்ட நான்காமவனும் வேண்டா" என்றால்? முன்னதை முதல்நிலைப் பகிஷ்காரம் என்றும், பின்னவற்றை இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்றும் பகுத்துக் கூறுவர். இன்று நாம் பேசப்போகும் சட்டம் பின்னிரண்டையும் பற்றியது.

அரபு நாடுகளின் கூட்டமைப்பாகிய அரபு லீக், 1945ஆம் ஆண்டின் இறுதியில், பாலஸ்தீனத்து யூதர்களின் பொருள்களை வாங்குவதில்லை என்று முடிவு செய்தது. 1948இல் இஸ்ரேல் தோன்றிய பிறகு அப்பகிஷ்காரம் விரிந்தது. டமாஸ்கஸ் நகரில் அதற்கென மத்திய அலுவலகமும் ஏற்பட்டது. உலகெங்குமுள்ள கம்பெனிகளுக்கு அங்கிருந்து வினாத்தாள்கள் சென்றன. இஸ்ரேலில் உமக்குத் தொழிற்சாலை உண்டா, கிளை உண்டா என்று கேள்விகள். விடை திருப்தி தராவிட்டால் கறுப்புப் பட்டியல். 1973க்குப் பின் எண்ணெய் விலை ஏறி அரபு நாடுகளில் செல்வம் குவிந்தபோது, அந்தப் பட்டியலுக்கு இருந்த வலிமையும் ஏறியது. கம்பெனியின் உறவுகளைக் கேட்டதோடு நில்லாமல், அதனை நடத்துவோரின் மதத்தைக் கேட்ட கோரிக்கைகளும் எழுந்தன. அமெரிக்க மக்கள் மனம் கொதித்தது இவ்விடத்தில்தான் என்பது என் கருத்து.

அமெரிக்கச் சட்டம் 1965இல், இத்தகைய கோரிக்கை வந்தால் அதைச் சர்க்காருக்கு அறிவிக்க வேண்டும் என்ற அளவில் நின்றது. 1976இல் வரிச் சட்டத்தின் மூலம் வரிச்சலுகைகள் பறிக்கப்பட்டன. 1977 ஜூன் மாதம் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டமே நேரடியாகத் தடை விதித்தது. அயல்நாட்டுப் பகிஷ்காரத்துக்கு உடன்பட்டு ஒருவரோடு தொழில் செய்ய மறுப்பதும், இனம் மதம் பார்த்து விலக்குவதும், அவை பற்றிய செய்திகளைத் தருவதும், கறுப்புப் பட்டியலிலுள்ள ஒருவரோடு தமக்குத் தொடர்புண்டா இல்லையா என்று விடை கூறுவதும் குற்றமாயின.

இதில் பாங்கு எங்கே வருகிறது? அமெரிக்காவில் பம்பு செய்யும் ஒருவர், அரபு நாடு ஒன்றிலுள்ள வணிகருக்குச் சரக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பணம் வராமல் சரக்கை அனுப்ப இவருக்கு அச்சம்; சரக்கு வராமல் பணம் அனுப்ப அவருக்கு அச்சம். இடையே பாங்கு நின்று, "குறித்த பத்திரங்களைக் கொண்டுவந்தால் நான் பணம் தருகிறேன்" என்று எழுத்தால் வாக்களிக்கிறது. அதுவே கடனுறுதிக் கடிதம், பாங்குக்காரர் எல்.சி. என்பர். விலைப்பட்டியல், கப்பற் சரக்குச் சீட்டு, இன்ஷூரன்ஸ் பத்திரம், எந்நாட்டில் செய்யப்பட்டது என்னும் உற்பத்திச் சான்று ஆகியவை அதில் கேட்கப்படும். பாங்கு பம்பைத் திறந்து பார்ப்பதில்லை. அது பார்ப்பது காகிதத்தை மட்டுமே. சர்வதேச வர்த்தகச் சபை வகுத்து 2007 முதல் வழங்கிவரும் விதிகளும், பாங்குகளின் வேலை பத்திரங்களோடுதான், பொருள்களோடு அன்று என்றே சொல்கின்றன.

வாங்குவோர் நாட்டின் பகிஷ்கார நிபந்தனை சத்தமின்றி நுழைவதும் இந்தக் காகிதத்தின் வழியேதான். பத்திரங்களின் பட்டியலுக்கு நடுவே, "இச்சரக்கு இஸ்ரேலில் செய்யப்பட்டதன்று என்று சான்று தருக", "சரக்கை இன்ஷூர் செய்த கம்பெனி கறுப்புப் பட்டியலில் இல்லையென்று சான்று தருக" என்று ஒரு வரி கிடக்கும். அமெரிக்கச் சட்டத்திற்கு உட்பட்ட பாங்கு, அந்த வரியோடு கூடிய கடிதத்தைத் திறக்கலாகாது, உறுதி செய்யலாகாது, அதன்மேல் பணம் கொடுக்கலாகாது. இப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறது என்று ஏற்றுமதியாளருக்குத் தெரிவிப்பது மட்டும் குற்றமில்லை.

இலக்கண வகுப்பில் உடன்பாடு, எதிர்மறை என்று படிக்கிறீர்கள் அன்றோ? அது தேர்வோடு முடிந்துவிடும் என்று எண்ணுவோர்க்கு இச்சட்டம் வியப்பளிக்கும். "இது அமெரிக்காவில் செய்யப்பட்டது" என்ற உடன்பாட்டு வாக்கியம் அனுமதிக்கப்பட்டது; "இது இஸ்ரேலில் செய்யப்பட்டதன்று" என்ற எதிர்மறை வாக்கியம் தடை செய்யப்பட்டது. இரண்டும் ஒரே பம்பைப் பற்றியவை, இரண்டும் மெய். முன்னது எந்நாட்டுச் சுங்கச் சாவடிக்கும் பயன்படும் சாதாரணச் செய்தி. பின்னதற்குப் பகிஷ்காரத்தைத் தவிர வேறு பயன் இல்லை. வேறுபாடு அங்கே இருக்கிறது. கப்பலின் கொடியையும் அது செல்லும் வழியையும் பற்றி மட்டும், போர் அபாயத்தை முன்னிட்டு, எதிர்மறையாகச் சொல்லவும் இடமுண்டு.

இதனால் நட்டம் யாருக்கு என்று பாருங்கள். ஏற்றுமதியாளர் கடிதத்தை ஊன்றிப் படியாமல் சரக்கைக் கப்பலேற்றிவிட்டால், பிறகு பாங்கு பணம் தர மறுக்கும். அந்நிலையில் பணம் கொடுக்கும் கடமை பாங்குக்கு இல்லை என்று விதியே கூறுகிறது. ஆகவே கடிதம் வந்த அன்றே அதைப் பார்த்து, வாங்குவோர் பாங்கின் மூலம் அந்த வரியை நீக்கித் திருத்தித் தரக் கேட்பதே வழக்கம். பல வணிகர்கள் மறுப்பின்றித் திருத்தித் தருகிறார்கள். பழைய அச்சுப் படிவத்தில் கிடந்த வரியை யாரோ குமாஸ்தா அப்படியே பெயர்த்து எழுதியிருப்பதும் உண்டு. திருத்தினாலும், மறுத்தாலும், கோரிக்கை வந்தது என்ற செய்தியை வர்த்தக இலாகாவிற்கு அறிவிக்கவே வேண்டும். அமெரிக்காவுக்குள் பெற்ற கோரிக்கையாயின், அந்தக் காலாண்டு முடிந்த அடுத்த மாதத்தின் கடைசி நாளே கெடு. பத்திரங்களை 5 ஆண்டுகள் காக்கவேண்டும்.

மெய்யைச் சொல்வதையும் ஒரு சட்டம் தடுக்கலாமா? இக்கேள்வியை விஸ்கான்சின் மாநிலத்துக் கம்பெனிகள் இரண்டு நீதிமன்றத்தில் எழுப்பின. சிறு எஞ்சின்கள் செய்யும் பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் அவற்றுள் ஒன்று. வினாத்தாளுக்கு உள்ளபடி விடையளிக்க முடியாததால் தங்கள் வாணிபம் கெடுகிறதென்றும், பேச்சுரிமை பறிபோகிறதென்றும் அவை வாதிட்டன. 1984இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. விடை மெய்யே ஆயினும், அது மற்றொருவரைப் பகிஷ்கரிக்கும் கருவியாகும்போது சர்க்கார் அதைத் தடுக்கலாம் என்பதே அதன் நிலை. எனக்கு அத்தீர்ப்பு நியாயமாகவே படுகிறது. "உன் பங்காளி எந்த மதம்?" என்ற கேள்விக்கு மெய்யான விடை தருவதனால் கேடு விளையாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால், அமெரிக்கா தானே 1962 முதல் கியூபாவோடு வாணிபத்தைத் தடுத்து வந்திருப்பதையும், 1996இல் ஒரு சட்டத்தால் பிறநாட்டுக் கம்பெனிகளையும் அதற்குள் இழுக்க முயன்றதையும் மாணவர்கள் மறத்தல் கூடாது. தன் நட்பு நாடுகளின்மேல் பிறர் விதித்து, தான் ஒப்பாத பகிஷ்காரத்தையே அச்சட்டம் எதிர்க்கிறது. எல்லாப் பகிஷ்காரத்தையும் அன்று.

காலம் மாறியது. எகிப்து, 1979இல் இஸ்ரேலோடு சமாதான உடன்படிக்கை செய்தபின், பகிஷ்காரத்தைக் கைவிட்டது. 1994இல் ஜோர்டான் உடன்படிக்கை செய்தது. அவ்வாண்டே வளைகுடா நாடுகள் இரண்டாம், மூன்றாம் நிலைப் பகிஷ்காரங்களைத் தளர்த்துவதாக அறிவித்தன. ஐக்கிய அரபு அமீரகம், 1972இல் இயற்றிய தன் பகிஷ்காரச் சட்டத்தை 2020 ஆகஸ்டில் நீக்கிற்று. ஆயினும் அந்த வரி இன்னும் சில நாட்டுப் பத்திரங்களில் தலைகாட்டுவதால், அமெரிக்கா தன் விதிகளை 2018இல் புதிய சட்டமாகவே இயற்றிக்கொண்டது. வேண்டுமென்றே மீறுவோர்க்கு 20 ஆண்டு வரை சிறையும், 10 இலட்சம் டாலர் வரை அபராதமும் உண்டு.

2024 மார்ச்சு மாதம் வர்த்தக இலாகா, இத்தகைய கோரிக்கைகளை அனுப்பியதாகத் தெரியவந்த அயல்நாட்டுக் கம்பெனிகள், பாங்குகள் முதலியவற்றின் பெயர்களைத் திரட்டித் தானே ஒரு பட்டியல் வெளியிட்டது. டமாஸ்கஸ் பட்டியலுக்கு வாஷிங்டனில் எழுந்த எதிர்ப்பட்டியல் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அதில் பெயர் இருந்தால் அவரோடு வாணிபம் கூடாது என்பதில்லை. அவரிடமிருந்து கடிதம் வந்தால் வரிவரியாகப் படியுங்கள் என்ற எச்சரிக்கை மட்டுமே அது. இப்போது பாங்கு அலுவலர் கடிதத்தைக் கையில் எடுக்கும்போது அந்தப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்.