வோல்கா கரையில் ஒரு பழைய பயணி

மாஸ்கோவில் சனிக்கிழமை என்றால் துணி துவைப்பது, காய்கறி வாங்குவது, ஊருக்கு வீடியோ கால் பேசுவது என்றே பொழுது போய்விடும். போன ஜூனில் ஒரு சனிக்கிழமை, "ஒரே நாள்தான், ராத்திரி வந்துடலாம்" என்று மனைவியையும் ஆறு வயது மகளையும் கிளப்பிக்கொண்டு துவேர் நகருக்குப் போனேன்.

வீட்டுச் சூழலும் கொஞ்சம் மாற வேண்டியிருந்தது. என் வேலை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கலாமா என்று ஆபீஸில் கேட்டிருந்தார்கள். ஊரில் அப்பாவோ கண் ஆபரேஷனை "நீ வந்தப்புறம் பாத்துக்கலாம்டா" என்று ஒரு வருடமாகத் தள்ளிப்போடுகிறார். ஒரு வாரமாக எங்கள் வீட்டில் இதே பேச்சு.

துவேர், மாஸ்கோவுக்கு வடமேற்கே சுமார் 170 கி.மீ. லெனின்கிராத்ஸ்கி ஸ்டேஷனில் லாஸ்தச்கா ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வோல்கா நதி பிறப்பதே இந்த மாகாணத்தில்தான். இங்கிருந்து காஸ்பியன் கடல் வரை போகும் அந்த நதியின் மொத்த நீளம் 3,500 கி.மீ.க்கும் மேல்.

1763ல் பெரும் தீயில் எரிந்துபோன இந்த ஊரை, அரசி இரண்டாம் கேத்தரின் காலத்தில் திட்டம் போட்டுத் திரும்பக் கட்டினார்கள். மாஸ்கோவுக்கும் பீட்டர்ஸ்பர்க்குக்கும் இடையே பயணம் செய்யும் அரச குடும்பம் தங்கி இளைப்பாற அப்போது கட்டிய அரண்மனை இன்று ஓவியக் கூடமாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, வண்டிகள் ஓடாத த்ரியோக்ஸ்வியாத்ஸ்கயா தெருவுக்கு வந்தோம். குழந்தைகளை ஓடவிட்டு நிம்மதியாக நடக்கலாம்.

பசி வந்தது. என் மனைவி சைவம். ரஷ்யாவில் 'பெஸ் மியாசா', அதாவது 'இறைச்சி இல்லாமல்' என்று மட்டும் சொன்னால் போதாது. சிலர் கணக்கில் கோழியும் மீனும் இறைச்சியிலேயே சேராது! சூப்பில் மாட்டெலும்புச் சாறு இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். போர்ஷ் சூப்பை விட்டுவிட்டு, உருளைக்கிழங்கு வைத்த வரேனிக்கி வாங்கினோம். பார்க்க நம்ம சோமாஸ் மாதிரி, ஆனால் வேகவைத்தது. மேலே கெட்டித் தயிர் போல ஸ்மெதானா. மகளுக்குத் தேன் ஊற்றிய பிளினி. அவள் ஸ்பூனைத் தள்ளிவிட்டுக் கையால் பிய்த்துத் தின்றாள். பக்கத்து மேசைப் பாட்டி பார்த்துச் சிரித்தார்.

சாப்பிட்டுவிட்டு, 1900ல் கட்டி முடித்த பழைய இரும்புப் பாலத்தில் நடந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணா, நீங்க தமிழா?" இரண்டு பையன்கள். இங்கே மருத்துவம் படிக்கிறார்களாம். ஒருவன் திருநெல்வேலி. "ஊருக்குப் போயி ரெண்டு வருஷம் ஆச்சுண்ணா. டிக்கெட் வெலையப் பாத்தா, அடுத்த லீவுக்குப் பாத்துக்கலாம்னு தோணிடுது" என்றான். "அக்கா, அந்தக் கரையில நிகிதின் சிலை இருக்கு, பாக்காமப் போகாதீங்க."

அஃபனாஸி நிகிதின் இந்த ஊர் வியாபாரி. வாஸ்கோடகாமா வருவதற்குச் சுமார் முப்பது ஆண்டுகள் முன்பே இந்தியா வந்தவர். வோல்காவில் கிளம்பியவரை அஸ்த்ரகான் அருகே கொள்ளையடித்துவிட்டார்கள். கடனோடு ஊர் திரும்ப முடியாமல் பாரசீகம் போய், விற்பதற்கு ஒரு குதிரையோடு கடல் கடந்து சௌல் துறைமுகத்தில் இறங்கினார். பீதர் வரை போனார். நம் ஆட்கள் அரிசியும் கிச்சடியும் நெய்யோடு உண்பதை, வலது கையால் மட்டும் சாப்பிடுவதை, ஸ்பூனே தெரியாமல் இருப்பதை ஆச்சரியத்தோடு குறித்துவைத்தார். நோன்பு எப்போது, ஈஸ்டர் எப்போது என்று கணக்குத் தவறிப்போனதை எழுதிப் புலம்பினார். ரஷ்ய நாட்டைப் போல உலகில் வேறில்லை, ஆனால் அங்கே நியாயம் குறைவு என்று எழுதியவர், அதை ரஷ்ய மொழியில் எழுதவில்லை. துருக்கிய மொழியில் எழுதினார்.

1955ல் வைத்த வெண்கலச் சிலை. பீடம் ஒரு படகு போல, முகப்பில் குதிரைத் தலை. மகள் அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்: "அப்புறம் அவர் வீட்டுக்குப் போயிட்டாராப்பா?"

"கிட்ட வந்துட்டாரு கண்ணு."

"கிட்டன்னா?"

ஸ்மோலென்ஸ்கை எட்டும் முன்பே, துவேரைப் பார்க்காமலே இறந்துபோனார். குறிப்புகள் மட்டும் மாஸ்கோ போய்ச் சேர்ந்தன. இதை ஆறு வயதுக்குப் புரியும்படி சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் சிலையையே பார்த்துவிட்டு, "தாத்தா நம்மள எப்ப பாப்பாரு?" என்றாள். மனைவி நதியைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

திரும்பும் ரயிலில் மகள் தூங்கியதும், "ஆபீஸுக்கு என்னங்க சொல்லப் போறீங்க?" என்றாள் மனைவி.

"திங்கக்கிழமை சொல்லிக்கலாம். மொதல்ல ஆகஸ்ட்ல மூணு வாரம் லீவு போடறேன். அப்பாகிட்ட டாக்டர்ட்ட தேதி வாங்கச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்க" என்று போனை என் கையில் கொடுத்தாள். ஊரில் அப்போது ராத்திரி பதினொன்றரை. இரண்டாவது ரிங்கிலேயே அப்பா எடுத்துவிட்டார்.