ஆலயத்தில் இருந்தும் அறியாதவர்கள்



சிறுவன் சாமுவேலைக் கடவுள் அழைத்த நிகழ்ச்சி நாம் அனைவரும் அறிந்ததே. சீலோவில் இருந்த ஆண்டவரின் இல்லத்தில், கடவுளின் பேழை இருந்த இடத்தில் அவன் படுத்திருந்தான். குரு ஏலியின் மேற்பார்வையில் ஆண்டவருக்குப் பணி செய்துவந்தான். ஆயினும் அவன் ஆண்டவரை இன்னும் அறியவில்லை என்கிறது விவிலியம் (1 சாமு 3:7).

ஏலியின் புதல்வர்களான ஒப்னி, பினகாசு பற்றியும் இதே சொல் வருகிறது (2:12). அவர்கள் குருக்கள், பலிமுறைகள் எல்லாம் தெரிந்தவர்கள். ஆனால் ஆண்டவருக்குரிய கொழுப்பை எரிக்கும் முன்பே, மக்கள் கொண்டுவந்த பலி இறைச்சியைத் தங்களுக்கென்று வலிந்து வாங்கினார்கள். தந்தை கண்டித்தும் கேட்கவில்லை. பீடத்தருகே நிற்கும் குருக்களாகிய எங்களை இந்த வசனம்தான் முதலில் குத்துகிறது.

எபிரேய மொழியில் 'யாதா' என்ற சொல்லுக்கு 'அறிதல்' என்று பொருள். செய்தியாகத் தெரிந்துகொள்வதோடு அது நிற்பதில்லை. உறவில் வாழ்ந்து அறிவதையும் குறிக்கிறது. கணவன் மனைவி உறவுக்கும் தொடக்கநூல் இச்சொல்லையே பயன்படுத்துகிறது (4:1). ஆகவே, கோவிலுக்கு அருகில் இருப்பது வேறு, கடவுளை அறிவது வேறு.

சாமுவேல் எப்படி அறிந்தான்? மும்முறை குரல் கேட்டு, மும்முறையும் ஏலியிடம் ஓடினான். யாருடைய குரல் என்று பிரித்தறிய அவனுக்கு ஒரு வழிகாட்டி தேவைப்பட்டார். நமக்கும் நம்பிக்கை அப்படித்தான் வருகிறது. பெற்றோர் வழியாக, திருஅவை வழியாக. ஆனால் ஏலி வழியைத்தான் காட்டினார். பதில் சொல்ல வேண்டியவன் சாமுவேலே.

பொதுக்காலத்தின் 2ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டில் இப்பகுதியைத் திருப்பலியில் வாசிக்கிறோம். 10ஆம் வசனத்திலிருந்து வாசகம் நேராக 19ஆம் வசனத்துக்குச் செல்கிறது. இடையிலுள்ள எட்டு வசனங்களில்தான் சாமுவேலின் சோதனை இருக்கிறது. ஏலியின் குடும்பத்துக்கு வரவிருக்கும் தண்டனையே அவன் கேட்ட முதல் இறைவாக்கு. தன்னை வளர்த்தவரிடமே அதைச் சொல்ல வேண்டும். விடியும்வரை படுத்திருந்தான், எழுந்து ஆண்டவரது இல்லத்தின் கதவுகளைத் திறந்தான், சொல்ல அஞ்சினான். ஏலி கேட்டபோது ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். செவிமடுத்தது கீழ்ப்படிதலாக நிறைவடைந்தது அங்கேதான்.

கடவுளை அறிந்திருக்கிறோமா என்பதற்குப் புனித யோவான் தரும் அளவுகோலும் இதுவே: அவருடைய கட்டளைகளைக் கடைப்பிடிக்கிறோமா? (1 யோவா 2:3-4).

நாமும் நம் வாழ்வில் சில வசனங்களைத் தாண்டிப் போகிறோம். பேசாமல் விட்ட உடன்பிறப்பு, கொடுக்காமல் வைத்திருக்கும் கூலி, சொல்ல அஞ்சும் உண்மை. இன்றிரவு அந்த அதிகாரம் முழுவதையும், எட்டு வசனங்களையும் விடாமல், குடும்பமாக வாசிப்போம். நாம் தாண்டிப்போன ஒன்றை நாளைக் காலையில் செய்வோம். அறிய வேண்டியவரை அங்கே அறிவோம். ஆமென்.