கோவில் கட்டியவருக்குப் பாட இடம் இல்லை!

பெங்களூர் நாகரத்தினம்மாள் வரலாறு

மார்கழி, தை மாதங்களில் ஜூஜுவாடியில் குளிர் அதிகம். பொழுது விடிந்த பிறகும் பனி விலகாது. டீக்கடை வாசலில் லாரி டிரைவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் தமிழில் டீ கேட்பார். இன்னொருவர் கன்னடத்தில் கேட்பார். மூன்றாமவர் தெலுங்கில் சில்லறை கேட்பார். கடைக்காரருக்கு மூன்றும் புரியும்!

ஓசூரை அடுத்த எல்லை ஊர் இது. இதைத் தாண்டினால் கர்நாடக மாநிலம்.

இதே போல் மூன்று மொழிகளும் கூடுகிற இன்னொரு இடம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அது தஞ்சாவூர் பக்கத்தில் உள்ள திருவையாறு. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் அங்கே தியாகராஜர் ஆராதனை நடக்கிறது. பாடப்படும் பாட்டுகளில் பெரும்பாலானவை தெலுங்கு. நடக்கும் இடம் காவிரிக் கரை. அங்கே கோவில் கட்டியவரோ, கன்னட நாட்டிலிருந்து வந்த ஒரு பெண்மணி.

அவர்தான் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

மகளுக்குக் கல்வி

நாகரத்தினம்மாள் 1878-ம் ஆண்டு மைசூர் சீமையில் உள்ள நஞ்சன்கூட்டில் பிறந்தார். தாயார் பெயர் புட்டலட்சுமி. தேவதாசி மரபில் வந்த குடும்பம். கையில் பணம் இல்லை. ஆதரவும் இல்லை. ஆனாலும் மகளைப் படிக்க வைத்தே தீருவது என்று தாயார் உறுதி கொண்டார்.

சிறுமி கன்னடம், தெலுங்கு, சமஸ்கிருதம் கற்றாள். பாட்டும் பரதமும் பயின்றாள். இளம் வயதிலேயே தாயார் இறந்துவிட்டார். அவர் கொடுத்த கல்வி மட்டும் கூடவே வந்தது.

பெங்களூரில் பெயர் பெற்ற நாகரத்தினம்மாள், பிறகு சென்னைக்கு வந்து குடியேறினார். ஊர் ஊராகக் கச்சேரி செய்தார். நகையும் சொத்தும் சேர்ந்தன. பாட்டுப் பாடியே ஒரு பெண் பெரும் பொருள் ஈட்டியது அந்தக் காலத்தில் அதிசயம்!

ஒரு கடிதம் வந்தது

1921-ம் ஆண்டு அவருக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அவருடைய குருமார்களில் ஒருவரான பிடாரம் கிருஷ்ணப்பா. தியாகராஜரின் சமாதி திருவையாற்றில் கவனிப்பார் இல்லாமல் கிடக்கிறது என்று அவர் வருந்தி எழுதியிருந்தார்.

தியாகராஜர் 1767-ல் திருவாரூரில் பிறந்தவர். திருவையாற்றில் வாழ்ந்தவர். தெருவில் பாடிக்கொண்டே அரிசி வாங்கி, அதைச் சமைத்துச் சாப்பிட்டவர். ராமன் மீது நூற்றுக்கணக்கான கீர்த்தனைகள் பாடியவர். 1847-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி மறைந்தார். அவருடைய பாட்டைப் பாடித்தான் பல வித்வான்களின் வீட்டில் அடுப்பு எரிந்தது.

நாகரத்தினம்மாள் வீட்டிலும் அப்படித்தான். "நமக்குச் சோறு போட்டவர் சமாதியா இப்படிக் கிடக்கிறது?" என்று அவர் உள்ளம் பதைத்தது. அப்போது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

அவர் திருவையாற்றுக்குப் போனார். திருப்பணி தொடங்கியது. நகைகளை விற்றார். சேர்த்த பணத்தைச் செலவிட்டார். போதாததற்குக் கதை சொல்லிப் பாடிப் பணம் திரட்டினார். கோவில் எழுந்தது. 1926-ல் குடமுழுக்கு நடந்தது.

கதவு மூடியது

அதற்கு முன்பே, 1900-களின் தொடக்கத்திலிருந்து, தியாகராஜரின் சீடர் வழி வந்தவர்கள் அங்கே ஆராதனை நடத்தி வந்தார்கள். பின்னர் அவர்களுக்குள் பிளவு ஏற்பட்டது. ஒன்று பெரிய கட்சி. மற்றது சின்னக் கட்சி. எதிலும் ஒத்துப்போகாத இரு கட்சிகளும் ஒரே ஒரு விஷயத்தில் ஒன்றாக நின்றன.

"பெண்கள் இங்கே பாடக் கூடாது!"

கோவில் கட்டப் பெண்ணின் பணம் வேண்டும். பெண்ணின் குரல் மட்டும் வேண்டாமாம்!

நாகரத்தினம்மாள் அழுதுகொண்டு ஊர் திரும்பவில்லை. தம்மைப் போன்ற பாடகிகளைத் திரட்டினார். 1927-ல் கோவிலின் பின்புறத்தில் பெண்களே ஆராதனை நடத்தினார்கள். ஊர் அதற்குப் "பெண்கள் கட்சி" என்று பெயர் வைத்தது.

இப்படி ஒரே மகானுக்கு மூன்று கட்சிகள் தனித்தனியே விழா நடத்தின. பத்து ஆண்டுகளுக்கு மேல் இந்த இழுபறி நீடித்தது. கடைசியில் சமரசப் பேச்சு நடந்தது. 1940-ல் மூன்று கட்சிகளும் ஒன்றாயின. பெண்களுக்கும் சன்னிதியில் பாடும் உரிமை கிடைத்தது. ஒருவரையும் தூற்றாமல், தம் கோரிக்கையையும் விடாமல், நாகரத்தினம்மாள் வென்றார்.

விழா நாளில்

தை மாதத்தை ஒட்டி வரும் புஷ்ய பகுள பஞ்சமிதான் ஆராதனை நாள். அது பெரும்பாலும் ஜனவரியில் வரும். அன்று காலை தியாகராஜர் வாழ்ந்த வீட்டிலிருந்து பாடிக்கொண்டே ஊர்வலம் வருவார்கள். அவர் தெருவில் பாடி அரிசி பெற்றதன் நினைவு அது. நாதசுரம் முழங்கும். புல்லாங்குழல் ஒலிக்கும்.

அடுத்து வருவது பஞ்சரத்தினம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து ராகங்களில் அமைந்த ஐந்து பெரிய கீர்த்தனைகள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் தரையில் அமர்ந்து ஒரே குரலாகப் பாடுவார்கள். சபாக்களில் பெரும் தொகை வாங்கும் வித்வானும் அங்கே உண்டு. நேற்றுப் பாட்டுப் படிக்க ஆரம்பித்த சிறுமியும் உண்டு. காசு வாங்காமல் பாடுவதே அங்கு வழக்கம்.

கடைசிக் காலம்

நாகரத்தினம்மாள் கடைசிக் காலத்தைத் திருவையாற்றிலேயே கழித்தார். மீதமிருந்த சொத்தையும் தியாகராஜர் பூஜைக்கே எழுதி வைத்தார். 1952-ம் ஆண்டு மே மாதம் தமது 73-வது வயதில் காலமானார். தியாகராஜர் சன்னிதிக்கு எதிரே அவருக்கும் சமாதி அமைத்தார்கள். அங்கே அவர் சிலை, சன்னிதியைப் பார்த்துக் கைகூப்பியபடி இருக்கிறது.

பஞ்சரத்தினத்தை வானொலியில் நேரடியாக ஒலிபரப்புவது நீண்ட காலப் பழக்கம். ஜனவரிக் குளிரில் ஜூஜுவாடியில் ஒரு வீட்டில் அதைத் திருப்பினால், தெலுங்குப் பாட்டு தமிழ் மண்ணிலிருந்து ஒலிக்கும். சற்றுக் கூர்ந்து கேட்டால் அதில் பெண்களின் குரல்களும் கேட்கும். எல்லைக்கு அப்பாலிருந்து வந்த ஒரு பெண்மணி வாங்கிக் கொடுத்த உரிமை அது.