லாஜிக் இடிக்கும் இடங்கள்

ஆப்கானிஸ்தான் போரில் டாக்டர் வாட்சனுக்குக் குண்டு பாய்ந்தது எங்கே? 1887ல் வெளியான முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில் தோளில். 1890ல் வந்த இரண்டாவது நாவலில் காலில். 1891ல் வந்த சிறுகதை ஒன்றில் ஜான் வாட்சனை அவர் மனைவி ‘ஜேம்ஸ்’ என்று அழைக்கிறாள்! வாசகர்கள் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிடவில்லை. ஜான் எச். வாட்சனில் வரும் ‘எச்’, ஜேம்ஸின் ஸ்காட்லாந்து வடிவமான ஹாமிஷ்தான் என்று சமாதானம் கண்டுபிடித்தவர் துப்பறியும் நாவலாசிரியை டாரத்தி சேயர்ஸ்.

ஆனால் 1893ல் ஆர்தர் கானன் டாயில் ஹோம்ஸை ஸ்விட்சர்லாந்து அருவியில் தீர்த்துக்கட்டியபோது, இதே வாசகர்கள் கொதித்துப்போனார்கள். தப்பைப் பொறுப்பார்கள், தங்களுக்கு வரவேண்டியது வராவிட்டால்தான் சண்டை. 1903ல் டாயில் ஹோம்ஸை உயிரோடு திரும்ப அழைத்துவந்தார். நல்லவேளையாக, ஹோம்ஸ் விழுந்ததை வாட்சன் கண்ணால் பார்த்திருக்கவில்லை. காலடித் தடங்களையும் ஒரு கடிதத்தையும் வைத்து அவராகக் கட்டிய முடிவு அது. தப்பிக்க உதவியதாகச் சொல்லப்பட்ட ஜப்பானிய மல்யுத்தம் கொஞ்சம் ஓவர்தான். ஹோம்ஸ் கிடைத்த மகிழ்ச்சியில் வாசகர்கள் அதையும் விழுங்கினார்கள்.

1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னைத் தொடராக எழுதிய கல்கிக்குச் சிக்கல் வேறு மாதிரி. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று சொல்வதில்லை. அந்த மௌனத்தைக் கல்கி அடைக்கவில்லை, அகலமாக்கினார். கடம்பூர் மாளிகையில் இருட்டு, சுற்றிலும் பலர், ஆளுக்கொரு காரணம். போதாக்குறைக்கு, கொலைப்பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளவும் ஒருத்தி.

இதை யாரும் ஓட்டை என்று சொல்வதில்லை. காரணம், வாசகனைக் குடையும் அதே கேள்வி கதைக்குள் இருப்பவர்களையும் குடைகிறது. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் வந்தியத்தேவன் சிறையில் கிடக்கிறான். வாட்சனின் காயம் இடம் மாறியதையோ கதைக்குள் ஒருவர்கூடக் கவனிப்பதில்லை.

இருந்தும் கல்கி தப்பவில்லை. கதை சட்டென்று முடிந்துவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டார்கள். முடிவுரை எழுதி, பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று விளக்கினார். கொலையாளியை மட்டும் கைநீட்டிக் காட்டவில்லை.

இப்படிப்பட்ட இடங்களில் மொழிபெயர்ப்பாளருக்குக் கை அரிக்கும். காலில் பட்ட குண்டைத் தோளுக்கு மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? தமிழ் வாசகனுக்கும் அந்தக் குண்டைத் துரத்தும் உரிமை உண்டு. காலிலேயே இருக்கட்டும்.