அழகாகச் சுற்றிய கயிறு அவசரத்துக்கு உதவாது

திருவனந்தபுரத்திலிருந்து வித்துரா வழியாகப் பொன்முடிக்குப் போகிறவர்களில் பலர் கல்லாற்றில் இறங்காமல் திரும்புவதில்லை. பார்வைக்கு முழங்கால் ஆழம்தான். ஆனால் பாறைகளுக்கு நடுவே கயங்கள் இருக்கின்றன. கயம் என்றால் ஆழமான நீர்நிலை. தமிழிலும் பழைய சொல்தான். பெயரிலேயே எச்சரிக்கை இருந்தும் வட்டக்கயத்தில் 2022 அக்டோபரில் மூவர் மூழ்கி இறந்தனர்.

இப்படிப்பட்ட இடத்தில் கரையில் நிற்பவர் முதலில் தேடுவது கயிறு. அதற்குக் கேரளத்தில் பஞ்சமில்லை. இதே மாவட்டத்துக் கடலோர ஊரான அஞ்சுதெங்கு, தென்னை நாருக்கே பேர்போனது. சிக்கல், கயிற்றை எடுத்து வைக்கும் விதத்தில்தான்.

வழக்கமாக என்ன செய்கிறோம்? கட்டைவிரலுக்கும் முழங்கைக்குமாகச் சுற்றி, நடுவில் ஒரு கட்டுப் போட்டு ஆணியில் மாட்டுகிறோம். பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றும் கயிற்றுக்குள் ஒரு முறுக்கை ஏற்றுகிறது. 20 மீட்டர் கயிறு என்றால் இருபதுக்கு மேற்பட்ட முறுக்குகள். அவசரமாக இழுக்கும்போது அத்தனையும் வளையங்களாகச் சுருண்டு ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துகொள்கின்றன. நீரில் தத்தளிப்பவருக்கு அந்த அரை நிமிடம் பெரிது.

கயிற்றை எட்டு வடிவத்தில் மடித்தால் ஒரு பக்க முறுக்கை மறுபக்கம் கழித்துவிடும். வெள்ள மீட்புக் குழுவினர் அதையும் செய்வதில்லை. சுற்றவே மாட்டார்கள். சிறு பையின் அடியில் ஒரு முனையைக் கட்டி, மீதியைப் பிடிபிடியாக உள்ளே திணிக்கிறார்கள். அலங்கோலம்தான். ஆனால் கடைசியாகப் போனது முதலில் வெளிவரும், சிக்காது. வெளிமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு, உரக்கக் குரல் கொடுத்து, ஆளைத் தாண்டிப் பை விழும்படி வீச வேண்டும். முனையை இடுப்பில் கட்டிக்கொள்வது தற்கொலைக்குச் சமம். வெள்ளம் இருவரையும் இழுத்துவிடும். முதல் வீச்சு தவறினால் மறுபடி திணிக்க நேரமில்லை. கயிற்றைக் காலடியில் தளர்வாக இழுத்துப் போட்டு, கனத்துக்காகப் பையில் கொஞ்சம் தண்ணீர் மொண்டு மீண்டும் வீசலாம்.

கயிற்றின் ரகமும் முக்கியம். நைலான் தண்ணீரில் மூழ்கும். பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், ஆகவே ஆற்றுக்கு அதுதான் ஏற்றது. ஆனால் வெயிலில் கிடந்தால் நாளடைவில் வலுவிழக்கும். மணல் போக அலசி, நிழலில் உலர்த்தி, பிறகே பைக்குள் திணிக்க வேண்டும். காரில் வைப்பவர்கள் பேட்டரி அமிலம் படாத மூலையாகப் பார்த்து வைப்பது நல்லது. அதற்காக ஸ்டெப்னிக்கு அடியில் புதைத்துவிடக் கூடாது.