உங்களுக்குத் தெரியுமா? தேடிய தேட்டம்

யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில், மணவாழ்க்கையின்போது கணவனோ மனைவியோ விலை கொடுத்து வாங்கிய சொத்துக்கு ‘தேடிய தேட்டம்’ என்று பெயர். ‘தேடு’ என்ற வினையிலிருந்து பிறந்த சொல். பெற்றோர் வழி வந்தது முதுசம். பெண் கொண்டுவந்தது சீதனம். தேட்டமோ உழைத்துச் சேர்த்தது. எவ்வளவு பொருத்தமான பெயர்!

ஒல்லாந்தர் 1707-இல் எழுத்தில் தொகுத்த அந்த வழமையில், தேட்டம் இருவருக்கும் பொதுவானதாக இருந்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தேட்டத்தின் வரையறையைச் சுருக்கியது: மனைவி சீதனக் காணியை விற்று, அந்தப் பணத்தில் வேறு காணி வாங்கினால் அது தேட்டமாகாது, அவளுடைய தனிச்சொத்தே. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவருடைய தேட்டத்தில் பாதி துணைவருக்கு. மீதி மற்ற வாரிசுகளுக்கு.